வெறுங்கையோடு போகக் கூடாத அறை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தாலே இப்போது ஒரே புலம்பல்தான். பிள்ளைகள் போனைக் கீழே வைப்பதில்லை, கேம் கேம் என்று சாகிறார்கள், தட்டில் போட்ட சோறு காய்ந்து கிடக்கிறது. போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் இதையே மூன்று பேர் மாற்றி மாற்றிச் சொன்னபோது எனக்கு எரிச்சலாக வந்தது. அட, நாம் மட்டும் பெரிய யோக்கியமா? டிவி கேம் பெட்டிக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து, கேசட்டை வாயால் ஊதி ஊதிச் சொருகியவர்கள்தானே நாம்? உங்களுக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை. மறந்து தொலைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு ஒன்பது வயதில் ஒரு நீண்ட பள்ளி விடுமுறை வந்தது. அதைச் சொல்கிறேன், கேளுங்கள். நடுவில் எழுந்து போகாதீர்கள்.

அப்போது நாங்கள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். ரயில் போகும்போதெல்லாம் டிவி படத்தில் கோடு விழும், ஜன்னல் கம்பி கிடுகிடுக்கும். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கேசட். ஒரு வீரன், ஒரு வாள், பூமிக்கு அடியில் ஏழு நிலவறைகள். ஏழாவதில், கடைசி அறையில், ஒரு ராணி கட்டிலில் படுத்திருப்பாள். எழுத்தெல்லாம் ஜப்பான் மொழி. அண்ணனுக்குப் பதினொன்றரை வயது. அவனுக்கும் அதில் ஓர் எழுத்து தெரியாது. ஆனாலும் வாய் கூசாமல் தமிழில் படிப்பான். "ராணி சொல்றாங்க, என்னைய இங்க படுக்க வெச்சவன் கெட்டவன் இல்ல, மறதிக்காரன்." திரையில் எழுத்து இரண்டு வரிதான் வந்திருக்கும், அண்ணன் பத்து வரி படிப்பான். அதுதான் கதை என்று பல வருஷம் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அம்மா பயத்தங்காய் கிள்ளிக்கொண்டே பின்னால் உட்கார்ந்து பார்ப்பாள். ஒரு கன்னம் எப்போதும் உப்பியிருக்கும். உள்ளே அசாம்போய் இருக்கும். சீனர் கடையில் கண்ணாடி ஜாடியில் வைத்திருப்பார்களே, சிவப்பாகச் சுருங்கிப்போய், உப்பும் புளிப்புமாக ஒரு காய்ந்த பழம், அது. கொட்டையைக்கூடத் துப்ப மாட்டாள். மணிக்கணக்கில் வாயில் உருட்டிக்கொண்டே அண்ணனை வம்புக்கு இழுப்பாள்.

"ஏன்டா, இவ்ளோ நேரமா ஊரெல்லாம் சுத்துறியே, நேரா உள்ள போயிட்டு வர வேண்டியதுதானே?"

"சும்மா போனா செத்துருவான்மா. சாமான் எல்லாம் எடுத்துக்கிட்டுதான் போவணும். உள்ள போனதும் கதவு மூடிக்கும்."

"மூடினா மூடட்டும். அவ அங்க தனியா படுத்துக் கெடக்குறால்ல."

"ஐயோ, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம பாருங்கம்மா."

அண்ணன் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் நிலவறைகளை வரைந்துவைப்பான். ஒரு கட்டம் ஓர் அறை. பிறகு கேமில் இல்லாத நிலவறைகளை அவனே வரைய ஆரம்பித்தான். அதற்கு அவனிடம் சட்டமெல்லாம் உண்டு. முதலில் பூட்டிய கதவைக் காட்ட வேண்டும், சாவியை அப்புறம்தான் காட்ட வேண்டும், அப்போதுதான் ஆட்டக்காரன் அந்தக் கதவையே நினைத்துக்கொண்டு அலைவான். ஆழத்துக்குப் போனபின் உள்பக்கமிருந்து மட்டும் திறக்கிற ஒரு கதவு இருக்க வேண்டும், அது ஆரம்பித்த இடத்துக்கே கொண்டுவந்து விட வேண்டும். எந்த அறையையும் பார்க்காமல் விடக் கூடாது. கடைசி அறைக்கு மட்டும் வெறுங்கையோடு போகவே கூடாது. இதையெல்லாம் எனக்கு மந்திரம் மாதிரி ஒப்பிக்கச் சொல்லிக்கொடுத்தான்.

தீபாவளி முடிந்த வாரம் அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வயிற்றில் சின்னக் கட்டி, பத்து நாளில் வந்துவிடுவாள் என்று அப்பா சொன்னார். கிள்ளானிலிருந்து அம்மாவின் தங்கை, எங்கள் சின்னம்மா, ஒரு பையோடு வந்து இறங்கினாள். பத்து நாளுக்கு யாராவது அவ்வளவு பெரிய பை கொண்டுவருவார்களா? நாங்கள் சமையலறைக்குள் நுழைந்தால் பெரியவர்களின் பேச்சு நின்றுவிடும். சின்னம்மா உடனே அடுப்பைத் துடைப்பாள். அந்த அடுப்பு அவ்வளவு சுத்தமாக அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை.

சாயங்காலம் அப்பா எங்களையும் கூட்டிக்கொண்டு போவார். ஆனால் வாசலோடு சரி. பன்னிரண்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு வார்டில் அனுமதி இல்லை என்று மலாய் மொழியில் பெரிய போர்டு. அதன் கீழே ஜாகா அங்கிளின் நாற்காலி. நம் ஆள்தான், தமிழர், மீசை வைத்த காவல்காரர்.

"எனக்கு இன்னும் நாலு மாசம்தான் அங்கிள் இருக்கு," என்று அண்ணன் கெஞ்சினான்.

"நாலு மாசம் கழிச்சு வா லா தம்பி. நான் எங்கயும் போவ மாட்டேன், இங்கதான் இருப்பேன்," என்று அவர் சிரித்தார். கெட்டவர் இல்லை. எனக்கு மிட்டாய்கூடக் கொடுத்திருக்கிறார்.

எதிரே இருந்த சிமெண்ட் பெஞ்சில் எங்களை உட்காரவைத்துவிட்டு அப்பா மேலே போவார். ஒரு மணி நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு இறங்கி வருவார்.

"அம்மா என்னப்பா சொன்னாங்க?"

"நல்லா படிக்கச் சொன்னா."

அவர் முன்னே நடந்ததும் அண்ணன் என் காதில், "லீவுல என்னத்தப் படிக்கிறது? அப்பா பொய் சொல்றாரு பாப்பா," என்றான். அம்மா ஒன்றுமே சொல்லவில்லையா, அல்லது சொல்ல முடியவில்லையா?

பத்து நாள் தாண்டியது. பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் சின்னம்மா பேசியதைப் பின்வாசலில் ஒளிந்து கேட்டோம். "அசாம்போய் வேணும்னு கேக்குறா ஆன்ட்டி. வாயில ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. அவ கேக்குறப்ப மொகத்தப் பாக்க முடியல." அண்ணன் என் கையை இறுகப் பிடித்தான். அவன் கண் மின்னியது. "அதான் சாமான்," என்றான். "ராணி கேட்ட சாமான். அத யாருமே கொண்டுபோய்க் குடுக்கல, அதான் எழுந்திரிக்க மாட்டேங்குறாங்க."

சிரிக்காதீர்கள். பெரியவர்கள் எங்களுக்கு வேறு எந்தக் கதையும் சொல்லவில்லை. எங்களிடம் இருந்த கதையை வைத்துத்தானே நாங்கள் பிழைக்க முடியும்?

மறுநாளிலிருந்து ஆஸ்பத்திரி எங்கள் எட்டாவது நிலவறை ஆனது. அப்பா மேலே போனதும் அண்ணன் நழுவுவான். நான் பெஞ்சில் உட்கார்ந்து, ஜாகா அங்கிள் கேட்டால், "அண்ணன் டாய்லெட்டுக்குப் போயிருக்கான்," என்பேன். "தெனமுமா? வயித்துக்குப் பாருங்க லா," என்பார் அவர். திரும்பி வந்ததும் அண்ணன் நோட்டை விரிப்பான். ஜாகா அங்கிள் சிவப்பு வட்டம். மிஸ்ஸிகள், அதாவது நர்ஸுகள், நீல முக்கோணம், அவர்கள் நடக்கும் பாதைக்கு அம்புக்குறி. சாப்பாட்டுத் தள்ளுவண்டி ஏறும் லிஃப்ட். அழுக்குத் துணி மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு படிக்கட்டு. உள்பக்கமிருந்து மட்டும் திறக்கும் ஒரு கதவைக் கண்டுபிடித்த அன்று அவன் குதித்த குதியைப் பார்த்திருக்க வேண்டும். "சொன்னேன்ல? சொன்னேன்ல? கட்டுனவனுக்கு வெவரம் தெரிஞ்சிருக்கு!" அதன் இடுக்கில் ஐஸ்கிரீம் குச்சியைச் சொருகிவிட்டு வந்திருந்தான்.

வீட்டுக்குப் போனதும் ஒவ்வோர் அறைக்கும் எனக்குக் கதை சொல்வான். துணி மூட்டை அறையில் உடம்பில்லாத சட்டைகள் வாழ்கின்றன. சமையல் கட்டில் ஆயிரம் தட்டுக்குக் காவல் இருக்கும் ஒரு பூதம். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அந்த நாட்களில் நாங்கள் சந்தோஷமாகவும் இருந்தோம்.

இங்கேதான் நாங்கள் கெட்டோம். அம்மாவின் வார்டு நான்காம் மாடி. அதற்கு வழி ஒரே வாரத்தில் கிடைத்துவிட்டது. போயிருக்கலாம். ஆனால் அண்ணனின் சட்டம் இருந்ததே! எந்த அறையையும் விடக் கூடாது, முழுக்க முடித்துவிட்டுத்தான் கடைசி அறை. மூன்றாம் மாடியின் கடைசி மூலை வரைக்கும் வரைந்தான். கீழே சமையல் கட்டுக்குப் பின்னால் இருந்த வாளிகளைக்கூட வரைந்தான். மேலே அம்மா நாளுக்கு நாள் கரைந்துகொண்டிருக்கிறாள், நாங்கள் கீழே வாளி வரைந்துகொண்டிருக்கிறோம். இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

கடைசியில் ஒரு நாள் அண்ணன் நோட்டை மூடினான். "முடிஞ்சிருச்சு. நாளான்னைக்கு ரெண்டு பேரும் போறோம்." இருந்த காசுக்கு நாலே நாலு அசாம்போய் பொட்டலமாக வாங்கி, அவன் கால்சட்டைப் பையில் ஓட்டை என்பதால் என் கவுன் பையில் போட்டுவைத்தான். "இத நீதான் பாத்துக்கணும் பாப்பா. இதுதான் எல்லாத்துக்கும் முக்கியம்."

அந்த இரண்டு சாயங்காலமும் பெஞ்சில் நான் தனியாக இருந்தேன். அவன் கடைசியாக ஒருமுறை வழியைச் சரிபார்க்கப் போயிருந்தான். முகம் மூடிய யாரையோ ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று என் முன்னால் போனது. எனக்குப் பயமாக இருந்தது. பொட்டலத்தைப் பிரித்து ஒன்றை வாயில் போட்டேன். அம்மா வாசனை. சத்தியமாக அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. அது கரைந்ததும் இன்னொன்று. மறுநாள் இன்னும் இரண்டு. ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசி என்று சொல்லிக்கொண்டேன்.

போகவேண்டிய நாளில் கொட்டு கொட்டென்று மழை. ஜாகா அங்கிள் காரிலிருந்து இறங்குகிற நோயாளிகளுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்தான். துணி மூட்டைப் படிக்கட்டு, குச்சி சொருகிய கதவு, நீல முக்கோணம் அந்தப் பக்கம் திரும்பும்வரை பத்து எண்ணுவது, எல்லாம் வரைந்த மாதிரியே நடந்தது. ஒரு பிசகு இல்லை. நான்காம் மாடி. மருந்து வாடை. தள்ளினால் இரண்டு பக்கமும் ஆடுகிற கதவு, மேலே வட்டமாக இரண்டு கண்ணாடி. எனக்கு அந்தக் கண்ணாடி எட்டவில்லை. அண்ணன் நுனிக்காலில் நின்று எட்டிப் பார்த்தான்.

"இருக்காங்களா?"

அவன் மூக்கு கண்ணாடியில் ஒட்டியிருந்தது.

"அண்ணே, அம்மா இருக்காங்களா? அப்பா இருக்காரா?"

அவன் கண்ணாடியை விட்டு இறங்கினான். கையை நீட்டினான். "அசாம்போய் எங்க?"

பையில் கைவிட்டேன். பொட்டலக் காகிதத்துக்குள் கொட்டைகள்தான் இருந்தன. ஒன்றுகூட மிச்சமில்லை. அண்ணன் அதையே பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. திட்டவும் இல்லை.

"சாமான் இல்லாம உள்ள போவக் கூடாது," என்றான். "நாளைக்கு வரலாம்."

"சும்மா பாத்துட்டாவது வரலாமே அண்ணே?"

"கூடாதுன்னா கூடாது. வா."

அப்படியே திரும்பி இறங்கிவிட்டோம். இறங்கிவிட்டோம், தெரியுமா? கதவைத் தொடும் தூரம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி இறங்கிவிட்டோம்.

மறுநாள் காலையிலேயே பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் போனுக்குச் செய்தி வந்தது. ஆன்ட்டி தன் காரில் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். வழியில் அண்ணன் அழுது அடம்பிடித்துக் காரை நிறுத்தவைத்து, சீனர் கடையில் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டான். ஆஸ்பத்திரி வாசலில் ஜாகா அங்கிள் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். போர்டைக் காட்டவில்லை. அவரே லிஃப்ட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு, "போங்க தம்பி, போம்மா," என்றார். எங்கள் நோட்டில் அந்த லிஃப்ட் மட்டும்தான் இல்லை. அவர் கண்ணுக்கு நேரே இருந்ததால் அதை நாங்கள் வரையவே இல்லை. அது நேராக நான்காம் மாடியில் போய் நின்றது.

அம்மா மாதிரியே இல்லை. அவ்வளவு சின்னதாக இருந்தாள். அண்ணன் பொட்டலத்தைப் பிரித்து ஒரு அசாம்போயை அவள் உள்ளங்கையில் வைத்தான். "என்னடா குப்பையக் கொண்டாந்து வைக்கிறே," என்று சின்னம்மா அழுதுகொண்டே அதைத் தட்டிவிட்டாள். அது கட்டிலுக்கு அடியில் உருண்டு போனது. நாங்கள் உள்ளே வந்த கதவு பின்னால் மூடிக்கொள்ளவில்லை. ஆடிக்கொண்டேதான் இருந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சாமான் எழுத மாமா காகிதம் கேட்டார். யாரோ அந்தக் கணக்கு நோட்டை எடுத்துக் கொடுத்தார்கள். நான்காம் மாடி வரைந்திருந்த பக்கத்தைக் கிழித்து, அதன் பின்னால் கற்பூரம், வாழையிலை, எள் என்று எழுதிக் கடைக்கு அனுப்பினார். அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். தடுக்கவில்லை. டிவி கேம் பெட்டியும் சொந்தக்காரப் பிள்ளைகளுக்குப் போனது. அதற்குப் பிறகு நான் அசாம்போயை வாயில் வைத்ததே இல்லை. கடையில் அந்த ஜாடியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். நான்தான் தின்றேன். நான் தின்னாமல் இருந்திருந்தால் அம்மா எங்களைப் பார்த்துவிட்டுப் போயிருப்பாள். முப்பத்தேழு வருஷமாக எனக்குள் இருப்பது இந்த ஒரே வாக்கியம்தான்.

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன். போன மாதம் கிள்ளானுக்குச் சின்னம்மாவைப் பார்க்கப் போனேன். தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே ஏதோ பழைய பேச்சு. சாகப் போகிறவர்களுக்கு என்னென்னவோ தெரியுமாம், அதற்கு உதாரணம் சொன்னாள்.

"உங்கம்மா அப்படித்தான். கடைசி நாள் சாயந்தரம் நான் தொணைக்குப் போறேன், கண்ணத் தொறந்து சொல்றா: 'பிள்ளைங்க கதவுகிட்ட வந்து நின்னுச்சுங்க தங்கச்சி. பேசிக்கிட்டே நின்னுட்டுப் போயிருச்சுங்க. கூப்புடத்தான் நெனச்சேன், கொரலு வரல.' மருந்து மயக்கம்னு நெனச்சேன் நான். 'கனவுக்கா அது, பிள்ளைங்க வீட்ல இருக்குதுங்க'ன்னேன். சரின்னு தலைய ஆட்டிட்டுக் கண்ண மூடிக்கிட்டா."

தேத்தண்ணி என் மடியில் கொட்டியது. "சுடுதா?" என்று கேட்டாள் சின்னம்மா, பாவம். அம்மா எங்களைப் பார்த்திருக்கிறாள். நாங்கள் திரும்பிப் போனதையும் பார்த்திருக்கிறாள்.

இதை அண்ணனிடம் சொல்வதா வேண்டாமா என்று ஒரு மாதம் செத்துப் பிழைத்தேன். அவன் இப்போது பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கேம் கம்பெனியில் நிலவறைகள் கட்டுகிறான். ஆமாம், அதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அவனோடு வேலை செய்யும் பிள்ளைகள் அவனை அங்கிள் என்று கூப்பிடுகிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுபாங் ஜெயாவில் அவன் வீட்டுக்குக் கூப்பிட்டு, "ஒண்ணும் தெரியாதவங்க வெளாண்டு பாக்கணும் பாப்பா, எங்க மாட்டுறேன்னு சொல்லு," என்று புது கேமைப் போட்டுக் கொடுத்தான். அதில் கடைசி அறை முதல் நிமிஷத்திலேயே இருக்கிறது. பூட்டில்லை, சாவியில்லை. ஆடுகிற கதவு, வட்டமாக இரண்டு கண்ணாடி. என் கட்டைவிரல் அப்படியே நின்றுவிட்டது.

"எதுக்கு நிக்கிறே? தெறந்துதான் இருக்கு," என்றான்.

சொல்லிவிட்டேன். சின்னம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொல்லிவிட்டேன். நான்தான் எல்லாவற்றையும் தின்றேன், என்னால்தான் என்று அழுதேன்.

அண்ணன் கேமின் சத்தத்தைக் குறைத்தான்.

"தெரியும்," என்றான். "அம்மா என்னையப் பாத்தாங்க. கண்ணாடி வழியா நேருக்கு நேரு. அப்பா அந்தாண்ட திரும்பி உக்காந்திருந்தாரு."

"அப்புறம் ஏன்ணே?"

"அம்மா மாதிரியே இல்ல பாப்பா. எனக்குப் பயமாயிருச்சு. உன் பை நெறைய அசாம்போய் இருந்திருந்தாலும் நான் வேற ஏதாவது சாமானச் சொல்லியிருப்பேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "முப்பத்தேழு வருஷம்ணே! பாவி, ஒரு நாளு, ஒரே ஒரு நாளு சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அவன் தோளில் மாறி மாறி அடித்தேன். நரைத்த தலையோடு வாங்கிக்கொண்டே இருந்தான். "சொல்லணும்னுதான் இருந்தேன்," என்றான். "இந்த ரூமைக் கட்டுனது நான்தான். உள்ள போயி நான் பாத்ததே இல்ல. ஆபீஸ்ல பசங்கதான் பாப்பானுங்க."

அடிப்பதை நிறுத்தினேன். கேம் கண்ட்ரோலை அவன் மடியில் வைத்தேன்.

"நீ போ."

"கையில ஒண்ணுமே இல்லையே பாப்பா."

"இல்லாட்டி என்ன? நேரா உள்ள போயிட்டு வர வேண்டியதுதானே," என்றேன். அம்மா குரல் மாதிரியே வந்துவிட்டது.

அவன் அமுக்கினான். கதவு ஆடித் திறந்தது. கட்டிலில் இருந்தவள் மெல்லத் திரும்பத் தொடங்கியதும் அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். நான்தான் பார்த்தேன். பார்த்ததையெல்லாம் அவனுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னேன்.